ஆடிப் பார்த்துக் கற்கும் வணிகம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் பெரியோர். வணிகவியல் பாடத்திற்கும் இது பொருந்தும். தேவை, அளிப்பு, சரக்கிருப்பு ஆகியவற்றின் விளக்கங்களை நாம் ஒப்பித்துவிடலாம். முழு விவரமும் தெரியாத நிலையில் முடிவெடுப்பதையோ பழகித்தான் அறிய வேண்டும்.

இதற்கு அறிஞர் இரு வழிகள் கண்டனர். ஒரு நிறுவனத்திற்கு நேர்ந்த சிக்கலைத் தந்து, 'மேலாளர் நீங்களானால் என்ன செய்வீர்கள்?' என்று மாணவரைக் கேட்பது முதல் வழி. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1920-களில் வேரூன்றிய இம்முறையை, 1961-இல் தோன்றிய அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் நம் நாட்டில் பரப்பியது. மற்றொரு வழி விளையாட்டு. 1960-ஐ ஒட்டி மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ஒரு விளையாட்டு இன்றும் உலகெங்கும் ஆடப்படுகிறது. அங்கே பீர் வணிகத்தை வைத்து ஆடினர். காஞ்சியில் வாழும் நமக்குப் பட்டுச் சேலை போதாதா?

நால்வர் வரிசையாக அமர்வோம். முதலாமவள் ஜவுளிக்கடைக்காரர், அடுத்தவள் மொத்த வியாபாரி, மூன்றாமவள் சொந்தமாக நூல் வாங்கி நெய்பவர், நான்காமவள் பட்டு நூலும் சரிகையும் விற்பவர். சேலைக்குப் பதில் புளியங்கொட்டை. ஆளுக்கு 12 சேலைக்குரிய சரக்கு இருப்பு. ஒவ்வொரு சுற்றும் ஒரு வாரம். பேசக்கூடாது, வேண்டியதைச் சீட்டில் எழுதி அடுத்தவளிடம் தரலாம். கேட்ட சரக்கு இரண்டு வாரம் கழித்தே வரும். தேங்கும் சேலைக்கு ஒரு புள்ளி இழப்பு. கேட்டுக் கொடுக்க இயலாத சேலைக்கு இரண்டு.

முதல் நான்கு வாரம் கடையில் வாரத்திற்கு 4 சேலை விற்கும். ஐந்தாம் வாரம் முதல் 8. மாற்றம் இவ்வளவே. ஆயினும் சரக்கு தாமதமாவதைக் கண்டு கடைக்காரர் 12 கேட்பார். வியாபாரி 16 கேட்பார். நெசவாளர் அதற்கும் மேலாக நூல் வாங்குவார். பிறகு எல்லாம் ஒருசேர வந்து குவியும். கடை 'வேண்டாம்' எனும், தறி நிற்கும்.

ஆடியோர் பலரும் வாங்க வந்தவர்களையே குறை கூறுவர். உண்மையில் அவர்கள் தேவை ஒரே முறைதான் மாறியது. யாரும் தீயவரல்லர்; செய்தி மறைந்ததும் காலம் தாழ்ந்ததுமே கேட்டிற்குக் காரணம். சீட்டுகளை எல்லோரும் காண வைத்து மீண்டும் ஆடினால் இது விளங்கும். கூட்டுறவுச் சங்கம் நூலும் சரிகையும் தந்து, நெய்த சேலையைத் தானே பெற்று விற்பதன் பொருளும் விளங்கும்: இழப்பு ஒரு தறியின் மேலேயே விழுவதில்லை.

இடம் மாறி ஆடுவது இன்னும் நன்று. பாவு ஏற்றியபின் நிறத்தை மாற்றச் சொல்வது எத்தகைய கொடுமை என்பதைக் கடைக்காரராக இருந்தவள் நெசவாளராக அமரும்போதே உணர்வாள். விளையாட்டில் தோற்றால் புள்ளி போகும். தறி வீட்டிலோ அடுப்பு அணையும்.

தாலந்து உவமையில் கண்டிக்கப்பட்டவன், அஞ்சித் தாலந்தைப் புதைத்தவனே. தோழியரே, முடிவெடுக்க அஞ்சாதிருப்போம். அதன் சுமை எவர் தோளில் விழும் என்பதையும் மறவாதிருப்போம்.