உப்பளமும் கழுத்துக் கழலையும்

புத்தளம் களப்பை அண்டிய பாலாவி உப்பளங்களில் வெயிலில் விளைந்த உப்பைக் காண்போர், கடலின் சத்தெல்லாம் அதில் அடங்கியுள்ளதென எண்ணுவர். கழுத்துக் கழலையைத் தடுக்கும் அயடீனும் அதில் இயல்பாகவே நிறைந்திருக்கும் என்று நம்புவோர் பலர். உண்மை அதுவன்று. கடல்நீரிலுள்ள அயடீன் மிகச் சிறிது. பாத்தியில் உப்புத் திரளும்போது, அச்சிறிதளவிலும் பெரும்பகுதி எஞ்சிய கசப்பு நீருடன் நின்றுவிடுகின்றது.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்தது தைரொயிட்டுச் சுரப்பி. அயடீனைக் கொண்டு அது ஆக்கும் சுரப்பே உடலின் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் குழந்தையின் மூளை வளர்ச்சியையும் பேணுகின்றது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராம் அயடீன் போதும். கருவுற்ற தாய்க்கு 250 வேண்டும். அது குறையுமாயின், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி இதனை இடைவிடாது தூண்டும். அத்தூண்டுதலால் சுரப்பி பருக்கின்றது. இதுவே கழலை.

1980களின் பிற்பகுதியில் இலங்கையின் 17 மாவட்டங்களில் ஆராய்ந்தபோது, பாடசாலைப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேரிடம் கழலை காணப்பட்டது. 1995 முதல் உணவுக்கென விற்கும் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. ஆகவே, உப்பளத்திலிருந்து நேரே வீட்டுக்கு வரும் கல்லுப்பு இதற்கு ஈடாகாது. அயடீன் சேர்த்த உப்பையும் ஈரமும் வெயிலும் படாது மூடிவைத்து, கறியை இறக்கும் தறுவாயில் இடுதல் நன்று.

சிலருக்குச் சுரப்பி முழுவதும் பருக்காமல், ஓரிடத்தில் மட்டும் கட்டி திரளும். போதிய அயடீன் உண்போருக்கும் இது வரலாம். பெண்களிடமும் முதியோரிடமும் மிகுதி. கட்டி என்றதும் புற்றுநோயென நடுங்க வேண்டியதில்லை. பத்தில் ஒன்பதும் தீங்கற்றவையே. ஆயினும் பச்சிலை பூசி நாள் கடத்துவதும், அயடீன் மருந்தைத் தாமாக உண்பதும் தகா. கட்டி விரைந்து பெருத்தாலும், கல்லாய் இறுகினாலும், குரல் கம்மினாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ தடையுண்டானாலும் தாமதமின்றி மருத்துவரை நாடவேண்டும்.

இரத்தப் பரிசோதனை சுரப்பின் ஏற்றத்தாழ்வைக் காட்டும். ஒலியலைப் படம் கட்டியின் அமைப்பைக் காட்டும். ஐயம் எஞ்சினால் மெல்லிய ஊசியாற் சில கலங்களை எடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்வர்.

வீட்டிலேயே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. கண்ணாடியின் முன் சற்றே அண்ணாந்து ஒரு மிடறு நீர் விழுங்குக. குரல்வளையோடு மேலெழுந்து இறங்கும் வீக்கம் பெரும்பாலும் இச்சுரப்பியினதே. அதைக் கண்டவர் அஞ்சவும் வேண்டா. அசட்டை செய்யவும் வேண்டா.