ஐந்து சின்னப்பாவும் ஒரு பனி ராணியும்: அனிமேஷன் பாட்டுப் படத்தை எப்படி எடை போடுவது?

அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டால் போதும், வீட்டில் பஞ்சாயத்து தொடங்கிவிடும். "அந்த இளவரசி படத்துக்குக் கூட்டிட்டுப் போப்பா" என்று பிள்ளைகள் ஒரு பக்கம். "கார்ட்டூன்தானே, டிவில போடுவான், அப்பப் பாத்துக்கலாம்" என்று அப்பா மறுபக்கம். அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. அறந்தாங்கியிலிருந்தோ ஆலங்குடியிலிருந்தோ நாலு பேர் கிளம்பிப் புதுக்கோட்டைக்கு வர வேண்டும். அங்கே அந்தப் படம் ஓடவில்லை என்றால் இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து திருச்சிக்குப் போக வேண்டும். பஸ், டிக்கெட், இடைவேளை பாப்கார்ன் எல்லாம் சேர்ந்தால் கூலி வேலைக்குப் போகிற வீட்டில் ஒரு நாள் சம்பளம் காலி.

அவ்வளவு செலவழித்துப் பார்க்கும் அளவுக்கு ஒரு அனிமேஷன் பாட்டுப் படத்தில் என்ன இருக்க வேண்டும்? புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதற்கு உள்ளூரிலேயே ஒரு பதில் இருக்கிறது. அவர் பெயர் பி.யு.சின்னப்பா. பெயரில் உள்ள 'பி' என்ற எழுத்தே புதுக்கோட்டைதான்.

ஜகதலப்பிரதாபன் என்ன செய்தது?

1944-ல் பக்ஷிராஜா நிறுவனத்துக்காக ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய படம் 'ஜகதலப்பிரதாபன்'. பாட்டி சொல்லும் இளவரசன் கதைதான். தான் கண்ட கனவை ஒளிக்காமல் சொன்னதால் அப்பாவின் கோபத்துக்கு ஆளாகும் இளவரசன், ஊரை விட்டு ஓடுகிறான். போகிற வழியில் தேவலோகத்துப் பெண்கள், மாயம், மந்திரம். அனிமேஷன் படம் இல்லை. ஆனால் ஒரு அனிமேஷன் படம் செய்ய வேண்டிய வேலையை அதில் வரும் ஒரே ஒரு காட்சி செய்துவிட்டது.

அந்தப் பாட்டுக் காட்சியில் திரையில் ஐந்து சின்னப்பாக்கள். ஒருவர் பாடுகிறார், மற்றவர்கள் பக்கவாத்தியத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். இப்படி ஒரு ஆளைப் பல ஆளாகக் காட்ட அன்றைக்கு இருந்த வழி, லென்ஸின் ஒரு பகுதியை மட்டும் திறந்துவைத்துப் படம் பிடிப்பது. பிறகு அதே ஃபிலிமைப் பின்னால் சுற்றி, அடுத்த பகுதியைத் திறந்து மறுபடி பிடிப்பது. கேமரா ஒரு நூல் நகர்ந்தாலும் எல்லாம் பாழ். நடிகருக்கோ இன்னொரு சோதனை. பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, அங்கே இருப்பவர் வாசிப்பதற்குத் தலையாட்ட வேண்டும், அதுவும் தாளம் தப்பாமல்.

இன்றைக்கு அதைப் பார்த்தால் வித்தை எப்படி நடந்தது என்று சின்னப் பையனும் சொல்லிவிடுவான். ஆனாலும் அது அலுப்பதில்லை. பாய்ஸ் கம்பெனி நாடகத்தில் சிறுவனாகச் சேர்ந்து, பாட்டிலேயே வளர்ந்தவர் சின்னப்பா. அவருக்குள் இருக்கும் சங்கீதத்தைக் காட்டத்தான் அந்த வித்தை தேவைப்பட்டது. அனிமேஷன் படத்திடமும் நாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: இந்த ஜாலமெல்லாம் எதற்காக? பாத்திரத்துக்கா, இல்லை 'பார் எங்கள் கம்ப்யூட்டரை' என்று சொல்லவா?

பாட்டை வெட்டிப் பாருங்கள்

பாட்டுப் படத்துக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரு பாட்டை மனதுக்குள் வெட்டி எடுத்துவிட்டுக் கதையை யோசியுங்கள். கதை நொண்டினால் பாட்டு தேவையானது. ஒன்றுமே ஆகவில்லை என்றால் அது தம் அடிக்க வெளியே போகிறவர்களுக்கான நேரம்.

டிஸ்னியின் 'ஃப்ரோஸன்' (2013) இதற்கு நல்ல உதாரணம். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1844-ல் எழுதிய பனி ராணி கதையிலிருந்து கிளம்பிய படம் அது. ஆரம்பத் திட்டத்தில் எல்சா வில்லி. பிறகு கணவன் மனைவியான ராபர்ட் லோபஸ், கிறிஸ்டன் ஆண்டர்சன் லோபஸ் இருவரும் 'லெட் இட் கோ' பாட்டை எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கேட்ட பிறகு அந்தப் பெண்ணை வில்லியாக வைத்திருக்க முடியவில்லை. பயந்துபோய் ஒளிந்துகொண்டிருந்த ஒருத்தி அந்தப் பாட்டில் மூச்சு விடுகிறாள். கதையையே திருத்தி எழுதினார்கள். ஒரு பாட்டு ஒரு படத்தின் திரைக்கதையை மாற்றிய கதை இது. அதை வெட்டினால் படமே இல்லை.

இது ஏதோ வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். கோயில் திருவிழாவில் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம் பார்த்தவர்களுக்கு இது பழகிய விஷயம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய அந்த நாடகத்தில் தினைப்புனத்துத் தர்க்கம் முழுக்கப் பாட்டில்தானே நடக்கிறது? பாட்டை எடுத்துவிட்டால் வேலனுக்கும் வள்ளிக்கும் கல்யாணமே நடக்காது. சுரங்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கும் குடுமியான்மலை இருக்கிற மாவட்டம் இது. பாட்டு கதை சொல்லும் என்பதை நம் ஊர்ப் பிள்ளைக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

நம் சினிமாதான் இடையில் கொஞ்சம் மறந்துவிட்டது.

வரைந்தது எதற்கு?

நிஜ ஆளை வைத்து எடுக்க முடிந்த காட்சியை ஏன் மெனக்கெட்டு வரைய வேண்டும்? விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 90 நிமிடப் படத்துக்கு 1,29,600 ஃப்ரேம்கள் வேண்டும். இவ்வளவு உழைப்பு போட்டு, நிஜத்தைப் போலவே ஒரு பொம்மையைக் காட்டினால் பார்ப்பவருக்கு என்ன லாபம்?

1937-ல் வந்த 'ஸ்னோ ஒயிட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்னியின் முதல் முழுநீள அனிமேஷன் படம். அதில் இளவரசனைச் சரியாக வரைய ஓவியர்கள் திணறினார்கள். அதனாலேயே அவன் வரும் காட்சிகள் குறைக்கப்பட்டன, படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும்தான் வருகிறான். படத்தைத் தூக்கி நிறுத்துவது ஏழு குள்ளர்கள்தான். மூக்கு பெரிசு, காது பெரிசு, நடை கோணல். ஒருவன் வாயே திறப்பதில்லை, ஆனால் அவன்தான் பிள்ளைகளுக்கு அதிகம் பிடித்தவன்.

நம் பக்கம் 2014-ல் வந்த 'கோச்சடையான்' எதிர்த்திசையில் போனது. நடிகர்களின் அசைவை மோஷன் கேப்சரில் பதிவு செய்து, ரஜினியை ரஜினி போலவே காட்டப் பார்த்தது. முயற்சி பெரிது, ஏ.ஆர்.ரஹ்மானின் இசையும் பெரிது. ஆனால் அசல் ரஜினி கண்ணாலேயே பாதி வசனம் பேசிவிடுவார். திரையில் தெரிந்த முகத்தில் அந்தக் கண் இல்லை. மனிதனுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து ஒரு அடி முன்னால் நின்றுவிடும் பொம்மை, தூரத்தில் நிற்கும் கார்ட்டூனைவிட நம்மை அதிகம் உறுத்தும். இது என் ரசனை மட்டுமில்லை. உலகம் முழுக்க அனிமேஷன்காரர்கள் பயப்படும் பள்ளம் இது.

நல்ல கோடு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் சித்தன்னவாசலுக்கு ஒரு நடை கூட்டிப் போகலாம். குகைக்கோயில் விதானத்தில் தாமரைக்குளம். மீன், யானை, பறவை, பூப்பறிக்கும் ஆட்கள். வண்ணம் உதிர்ந்து பாதிதான் மிச்சம் இருக்கிறது. அப்படியும் அந்தக் குளத்துத் தண்ணீர் நிற்கவில்லை என்றே தோன்றும்.

பயம் இருக்கட்டும்

"சின்னப் பிள்ளைங்க படம், பயமுறுத்தக் கூடாது" என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. ஆனால் ராட்சசன் இல்லாத தேவதைக் கதை உப்பில்லாத குழம்பு. ஸ்னோ ஒயிட் காட்டுக்குள் ஓடும் காட்சி அன்றைக்குப் பெரியவர்களையே உலுக்கியது. பிரிட்டனில் அந்தப் படத்துக்குத் தணிக்கைக் குழு 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. பயம் வரட்டும். ஆனால் அது படத்துக்குள்ளேயே தீர்ந்துவிட வேண்டும். வெறும் சிரிப்பும் சின்னச் சின்ன மிருகங்களுமாக ஓடும் படம், தியேட்டர் வாசலிலேயே மறந்துபோகும்.

நம் ஊரில் இதற்கு ஒரு உதவி உண்டு. 2024-ல் வந்த புதிய விதிகளின்படி 'யு/ஏ' சான்றிதழே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. போஸ்டரில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

உண்மையான சிக்கல் இங்கேதான். "இங்கிலீஷ்ல பாத்தா இங்கிலீஷ் வரும்" என்று பல வீடுகளில் ஆங்கிலக் காட்சிக்கே கூட்டிப் போகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு வசனம் பாதி புரியும், பாட்டு சுத்தமாகப் புரியாது. கதையே பாட்டில்தான் நடக்கிறது என்று மேலே பார்த்தோம். அப்படியானால் அந்தப் பிள்ளை பார்த்தது என்ன?

அதற்காகத் தமிழ் டப்பிங் எல்லாமே நல்லது என்று ஆகிவிடாது. பாட்டை டப் செய்வது பெரிய கஷ்டம். மெட்டு மாறக் கூடாது, பாத்திரத்தின் வாயசைவுக்குப் பொருந்த வேண்டும், அர்த்தமும் போகக் கூடாது. 'லெட் இட் கோ'வில் உச்சியில் 'கோ' என்று வாய் திறந்து நீளும். அந்த இடத்தில் 'விடு' என்று வைத்தால் அர்த்தம் சரிதான். ஆனால் குறிலை இழுத்தால் 'விடூ' ஆகிவிடும். அதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நெடில் விழ வேண்டிய இடத்தில் நெடில் விழுந்தால்தான் அது தமிழ்ப் பாட்டு. இந்தி மெட்டுக்கு வார்த்தை போட்ட நம் பழைய பாடலாசிரியர்கள் பழகிய கணக்கு இது.

2019-ல் வந்த 'ஃப்ரோஸன் 2' தமிழ்ப் பதிப்பில் எல்சாவுக்குக் குரல் கொடுத்தவர் ஸ்ருதி ஹாசன், பாடியவரும் அவரே. பேசும் குரலும் பாடும் குரலும் ஒன்றாக இருந்தால் பாட்டு தொடங்கும்போது வேறு யாரோ வந்து நின்றது போல இருக்காது. சின்னப்பா காலத்தில் இது சாதாரணம், பாடத் தெரிந்தவர்தான் நடிகர்.

டிக்கெட் எடுக்கும் முன் தமிழ் டிரெய்லரை ஒருமுறை யூடியூப்பில் பாருங்கள். பாட்டு வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வார்த்தை புரிகிறதா, இழுவை உறுத்துகிறதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்பதையும் தியேட்டருக்குப் போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது. டப்பிங் படங்களுக்குச் சில சமயம் காலைக் காட்சி மட்டும்தான் இருக்கும். அறந்தாங்கியிலிருந்து வருபவர்கள் முதல் பஸ்ஸையே பிடிக்க வேண்டியிருக்கும்.