தகரப் பெட்டியை இன்றே திறந்து பாருங்கள்

கருமாதி முடிந்து, வந்த உறவினர்கள் புறப்பட்ட பிறகுதான் பல வீடுகளில் அலமாரி மேலிருக்கும் தகரப் பெட்டி கீழே இறங்குகிறது. வீட்டுக் கிராண்டு இருக்கிறது. சேமநிதிக் கணக்குத் தாள் இருக்கிறது. "எல்லாம் அம்மாவுக்குத்தானே!" என்கிறாள் மகள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிய வருகிறது.

உயில் என்பது சீமான்களின் சமாச்சாரம் என்று எண்ணாதீர்கள். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் வாங்கிய மலிவு விலை வீடு ஒன்று இருந்தால் போதும், நீங்களும் சொத்துக்காரர்தாம். தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாத குடும்பங்களுக்குரிய சில கேள்விகளை இங்கே பார்ப்போம். முஸ்லிம் குடும்பங்களுக்குப் பராயிட் முறை தனியாக உண்டு.

உயில் இல்லாவிட்டால் யாருக்கு எவ்வளவு?

1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் இதற்குப் பதில் சொல்கிறது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவகையினரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. மனைவி இறந்தால் கணவனுக்கும் இதே கணக்குத்தான்.

கணவர் பெயரில் மட்டும் 1,20,000 வெள்ளி பெறுமானமுள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தாயார் இருக்கிறார், பிள்ளைகள் மூவர். மனைவிக்கு 30,000, மாமியாருக்கு 30,000, பிள்ளைகளுக்குத் தலைக்கு 20,000. மகன், மகள் என்ற பேதம் கிடையாது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு பிள்ளை "என் பங்கைப் பணமாகக் கொடு" என்று நின்றால், அந்தத் தாய் குடியிருக்கும் வீடே விலைக்குப் போகலாம்.

கோயிலில் தாலி கட்டினோம், போதாதா?

1982 மார்ச் 1-ம் தேதிக்கு முன் முறைப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பின் நடந்ததென்றால் பதிவு வேண்டும். பதிவில்லாமல் முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளும், மனைவி என்று பங்கு கேட்க முடியாமல் நிற்க நேரலாம். இருவரும் உயிரோடு இருக்கும்போதே பதிவு இலாகாவுக்குப் போய்விடுங்கள். அதுபோல, தூக்கி வளர்த்த பிள்ளையைச் சட்டப்படி தத்தெடுக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கும் பங்கில்லை. உயிலில் பெயர் எழுதினால்தான் உண்டு.

சேமநிதிப் பணம்?

அது நீங்கள் வாரியத்தில் வாரிசாகப் பெயர் கொடுத்தவருக்கே போகும். உயிலில் வேறு விதமாக எழுதினாலும் அது செல்லாது. கல்யாணத்துக்கு முன் அண்ணன் பெயரைக் கொடுத்தவர்கள் இன்றும் அப்படியே விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

உயில் எழுதுவது எப்படி?

பதினெட்டு வயதானவர், சுயபுத்தியோடு இருப்பவர் யாரும் எழுதலாம். எழுத்தில் இருக்கவேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க நீங்கள் கையெழுத்திட்டு, அவர்களும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர், உயிலை வாசிக்கக் கேட்டுப் புரிந்துகொண்டு கைநாட்டு வைக்கலாம்.

ஒன்றில் கவனமாக இருங்கள். மகனுக்கு வீட்டை எழுதிவிட்டு, மருமகளைச் சாட்சியாகப் போட்டால் மகனுக்கு எழுதியது செல்லாமல் போய்விடும். சொத்துப் பெறுபவரோ, அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருக்கக்கூடாது. உயில் எழுதிய பின் கல்யாணம் செய்தால் பெரும்பாலும் பழைய உயில் ரத்தாகிவிடும், புதிதாக எழுதுங்கள். சொல்லை நிறைவேற்ற நம்பிக்கையான ஒருவரை உயிலிலேயே நியமித்து, உயில் இருக்கும் இடத்தை அவருக்குச் சொல்லி வையுங்கள்.

இறந்த பிறகு எங்கே போவது?

உயில் இருந்தால், அதில் நியமிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் புரோபேட் உத்தரவு பெறவேண்டும். உயில் இல்லாமல் வீடு, நிலம் இருந்தால் நில அலுவலகத்திலுள்ள சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் மனுச் செய்யலாம். 2024 முதல் 50 லட்சம் வெள்ளி வரையுள்ள சொத்துக்கு இந்த வழி திறந்திருக்கிறது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதில்லை. மரணப் பத்திரம், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், கிராண்டு ஆகியவற்றைக் கொண்டு போங்கள். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி இலாகாவில் யோசனை கேட்கலாம். மரண வரியை 1991-லேயே எடுத்துவிட்டார்கள். அந்தப் பயம் வேண்டாம்.

சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நம் வீடுகளில் வாயை அடக்கிவிடுவார்கள். பேசாமல் விட்டதால் அண்ணன் தம்பி முகம் பாராமல் போன குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அந்தப் பெட்டியை இறக்குங்கள். எது யாருக்கு என்று சொல்லவேண்டியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது கேட்டுவிடுங்கள்.