பாடமாக்கிய கட்டுரையும் சொந்தக் கட்டுரையும்

சென்ற ஆண்டு மார்கழி விடுமுறைக்குச் சில நாட்கள் முன்பாக, எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு ஒரு தாயார் கையில் கடிதத்துடன் வந்திருந்தார். மகன் இலண்டனில் பல்கலைக்கழக முதலாம் ஆண்டு மாணவன். "அண்ணை, இவன் களவெடுத்தவனாம் எண்டு எழுதியிருக்கினம். ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். அவரது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

கடிதத்தில் களவு என்ற சொல் இருக்கவில்லை. ஆனால் கருத்து அதுதான். மகன் எழுதிய கட்டுரையில் மூன்று பந்திகள் ஒரு பாடநூலில் உள்ளபடியே சொல்லுக்குச் சொல் இருந்தன. பையனை அழைத்துக் கேட்டோம். "புத்தகத்தின்ரை பேரைக் கடைசியிலை போட்டனான்தானே, அங்கிள்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. போட்டுத்தான் இருந்தான்.

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை படித்துவிட்டு வந்த பிள்ளை அவன். அங்கே ரியூட்டரியில் தந்த நோட்ஸை ஒரு எழுத்தும் பிசகாமல் பாடமாக்கி எழுதியவனுக்குத்தான் கூடிய புள்ளி. ஆசிரியரின் வசனத்தை மாற்றுவது அதிகப்பிரசங்கித்தனம். நாமும் அப்படிப் படித்தவர்களே. இங்கே அந்தத் திறமையே குற்றமாகி விடுகின்றது என்பதை அவனுக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இந்நாட்டு வழமை இதுதான். பிறருடைய சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள் இடவேண்டும். கருத்தை மட்டும் எடுத்து உங்கள் சொற்களில் எழுதினாலும், எழுதியவர் பெயரையும் ஆண்டையும் அந்த இடத்திலேயே குறிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் நூற்பட்டியல் போடுவது மாத்திரம் போதாது. வசனத்தில் இரண்டு சொற்களை மாற்றிவிட்டுத் தப்பலாம் என்றும் எண்ண வேண்டாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒப்படைக்கப்படும் கட்டுரைகளை டேர்ன்இட்டின் போன்ற மென்பொருள்கள் நூல்களுடனும் இணையப் பக்கங்களுடனும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

பையனை ஒரு குழு விசாரித்தது. முதல் தடவை என்பதால் திரும்ப எழுத விட்டார்கள். ஆனால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 40 புள்ளிக்கு மேல் கிடைக்காது என்ற நிபந்தனையுடன்.

அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுத அவனுடன் சில மாலைகள் இருந்தோம். அப்போதுதான் பிரச்சினை மேற்கோள் குறியில் மட்டும் இல்லை என்பது எமக்குப் புரிந்தது. கேள்வியை வாசிக்கும் முறையிலேயே பிழை இருந்தது. ஜி.சி.எஸ்.ஈ. எடுக்கும் பிள்ளைகளிடமும் இதே பிழையைக் காண்கின்றோம். 'விபரி' என்பது வேறு, 'விளக்கு' என்பது வேறு, 'எவ்வளவு தூரம் உடன்படுகிறாய்' என்பது வேறு. எமது பிள்ளைகள் மூன்றுக்கும் ஒரே விடையை எழுதுகிறார்கள். தெரிந்த எல்லாவற்றையும் கொட்டி விடுகிறார்கள்.

ஒரு உதாரணம். வரலாற்றுப் பாடத்தில், 'பிரித்தானியாவின் பொதுச் சுகாதாரத்தில் 1848ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு திருப்புமுனை. எவ்வளவு தூரம் உடன்படுகிறாய்?' என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எமது பிள்ளை எழுதுவது: 1842இல் சட்விக் அறிக்கை வெளியிட்டார். 1848இல் சட்டம் வந்தது. 1854இல் ஜோன் சினோ கொலரா தண்ணீரால் பரவுவதைக் காட்டினார். 1875இல் இன்னொரு சட்டம் வந்தது. எல்லாம் சரி. ஆனால் கேட்ட கேள்விக்கு இதில் விடை எங்கே? இதையே இப்படித் தொடங்கினால்: '1848ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தொடக்கமே தவிரத் திருப்புமுனை அல்ல; ஏனெனில் நகரங்களை அது பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை.' அடுத்து ஆதாரம்: மரண வீதம் ஆயிரத்துக்கு 23ஐத் தாண்டிய இடங்களில்தான் அரசு தானாகத் தலையிட முடிந்தது. பிறகு ஒப்பீடு: 1875ஆம் ஆண்டுச் சட்டமே கழிவகற்றலையும் சுத்தமான நீரையும் உள்ளூர் ஆட்சிகளின் கட்டாயக் கடமையாக்கியது. தகவல் ஏறக்குறைய அதேதான். ஆனால் இது கட்டுரை, முன்னையது பட்டியல்.

தமிழில் வினைச்சொல் வசனத்தின் கடைசியில் வரும். முடிவைக் கடைசிவரை தாங்கிப் போவது எமக்குப் பழக்கமாகி விட்டது. ஆங்கிலக் கட்டுரையில் பந்தியின் முதல் வசனத்திலேயே முடிவைச் சொல்லிவிட்டு, பின்னர் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். எமது பிள்ளைகளுக்கு இது மரியாதைக் குறைவு போலத் தோன்றுகின்றது. பழகப் பழக வரும்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோர் இதில் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். நிறையச் செய்யலாம். பிள்ளை எழுதத் தொடங்குமுன் பக்கத்தில் இருத்தித் தமிழிலேயே கேளுங்கள்: கேள்வி என்ன? உன்ரை பதில் என்ன? ஏன் அப்பிடிச் சொல்லுறாய்? தமிழில் இரண்டு வசனத்தில் சொல்ல முடியாத பதிலை ஆங்கிலத்தில் இரண்டாயிரம் சொற்களிலும் சொல்ல முடியாது. எழுதி முடித்ததும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை. மூச்சு முட்டும் இடத்தில் வசனம் நீண்டுவிட்டது என்று பிள்ளைக்கே தெரியும்.

காசு கொடுத்துக் கட்டுரை வாங்க மட்டும் விடாதீர்கள். அவ்வாறு எழுதி விற்பது இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விற்பவரைச் சட்டம் பார்த்துக்கொள்ளும்; வாங்கிய பிள்ளையைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும். கேட்டதும் எழுதித் தரும் சற்ஜிபிரி போன்ற கணினிச் செயலிகள் பற்றிய விதிகள் இடத்துக்கு இடம், பாடத்துக்குப் பாடம் வேறுபடுகின்றன. எதை அனுமதிக்கிறார்கள் என்று விரிவுரையாளரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது. பல பல்கலைக்கழகங்களில் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இலவசம். அங்கே போவதை எமது பிள்ளைகள் வெட்கமாக நினைக்கிறார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எமக்குத் தெரியவில்லை.

சித்திரையில் அந்தத் தாயார் மீண்டும் வந்தார். புதிய கட்டுரைக்கு மகனுக்கு 62. "அறுபத்திரண்டுதானே, அண்ணை" என்று குறைப்பட்டார். இங்கே பட்டப்படிப்பில் 40 எடுத்தால் சித்தி, 60க்கு மேல் இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவு, 70 எடுத்தாலே முதலாம் வகுப்பு என்று விளக்கினோம். 90ஐ எதிர்பார்த்துப் பிள்ளையை ஏசும் மற்றப் பெற்றோரும் இதைக் கவனிக்கவும்.

பையன் இப்போது சனிக்கிழமைகளில் எமது பாடசாலையின் பின் அறையில் ஒரு மேசை போட்டு இருக்கிறான். ஜி.சி.எஸ்.ஈ. பிள்ளைகள் கட்டுரைகளைக் கொண்டு போய்க் காட்டலாம். கேள்வித்தாளையும் கொண்டு வராதவர்களின் கட்டுரையை அவன் பார்ப்பதில்லை.