பிளேட்லெட் குறைந்தால் டெங்குதானா?

காய்ச்சல். கையிலும் காலிலும் கருநீலத் திட்டுகள். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். பரிசோதனைக் கூடத்துச் சீட்டில் பிளேட்லெட் 18,000 என்று இருக்கிறது. மழைக்காலத் தமிழ்நாட்டில் இதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. ஒருவர் நிலவேம்புக் குடிநீர் வாங்க ஓடுவார், இன்னொருவர் பப்பாளி இலை பறிக்கப் போவார். பெரும்பாலும் அது டெங்குவாகவே இருந்துவிடும், அதுதான் சிக்கல். மலேரியாவிலும் பிளேட்லெட் சரியும், ரத்தப் புற்றுநோயிலும் சரியும். அந்தப் புற்றுநோய்களில் ஒரு வகை, சில நாட்களுக்குள் மூளையில் ரத்தம் கசியவைத்து ஆளைக் கொன்றுவிடக்கூடியது.

அணுக்களை எண்ணும் இயந்திரம் எண்ணிக்கையைத்தான் தரும். என்ன நோய் என்று தெரிய, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் தடவி, சாயமேற்றி, பழகிய கண் ஒன்று நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். நம் ஊர் லேப்களில் புழங்கும் லீஷ்மன் சாயத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1891-ல் ரஷ்ய மருத்துவர் ரொமனோவ்ஸ்கி மலேரியாக் கிருமியைத் தெளிவாகப் பார்ப்பதற்காக மெத்திலீன் நீலத்தையும் இயோசினையும் கலந்தார். லீஷ்மன் சாயம் அந்தக் கலவையின் வழிவந்ததுதான். அதே சாயம் வெள்ளணுக்களின் உள்ளிருக்கும் துகள்களையும் துலக்கிக் காட்டியது. ஆக, சிவப்பணுவுக்குள் மோதிரமாய்க் கிடக்கும் மலேரியாவும், முதிராத வெள்ளணுக்களாய்ப் பெருகும் லுக்கீமியாவும் ஒரே ஸ்லைடில் பிடிபடுகின்றன.

நான் மேலே சொன்ன கொலைகார வகைக்கு அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்று பெயர்; மருத்துவர்கள் ஏ.பி.எல். என்பார்கள். நார்வேயின் ஹில்லெஸ்டாட் 1957-ல் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். ஸ்லைடில் இதன் செல்கள் துகள் மண்டிக் கிடக்கும். சிலவற்றில் மெல்லிய குச்சிகள் விறகுக்கட்டு போலக் குவிந்திருக்கும். இந்தச் செல்களிலிருந்து வெளிப்படும் பொருட்கள் ரத்த உறைதலைக் கண்டபடி தூண்டிவிடுகின்றன. உறைய உதவும் சரக்கெல்லாம் வீணாகத் தீர்ந்துபோக, அப்புறம் எங்கு வேண்டுமானாலும் ரத்தம் கசியும்.

காரணம் 15, 17 எண் குரோமோசோம்கள் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொள்வது. சிகாகோவின் ஜேனட் ரௌலி 1977-ல் இதைக் காட்டினார். உடைந்த இடத்தில் இரண்டு மரபணுக்கள் ஒட்டி, ஒரு கலப்புப் புரதம் உருவாகிறது. அதில் ஒரு பாதி, வைட்டமின் ஏ-யின் அமில வடிவத்தைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி. அது பழுதானதால் வெள்ளணு வளர்ச்சி பாதியில் நின்றுபோகிறது.

ஷாங்காயின் வாங் சென்யீ, ஒட்டிக்கொள்ளும் மரபணுக்கள் எவை என்ற விவரம் தெரியவருவதற்கு முன்பே அதற்கான மருந்தைக் கையில் எடுத்துவிட்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. 1985-ல் அவர் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு, வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ட்ரெட்டினாயினை வாய்வழி கொடுத்தார். அவள் பிழைத்தாள். இந்த மருந்து புற்றுச் செல்களைக் கொல்வதில்லை. நின்றுபோன வளர்ச்சியை முடுக்கி, அவற்றை முதிரவைக்கிறது. முதிர்ந்த வெள்ளணு தன் ஆயுள் முடிந்ததும் தானே சாகும்.

இரண்டாவது மருந்து வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக் ட்ரையாக்சைடு. 1970-களின் தொடக்கத்தில் ஹார்பின் நகர மருத்துவர் சாங் டிங்டோங் ஒரு நாட்டு வைத்திய மருந்தை ஆராய்ந்தார். அதில் தேரை நஞ்சு, பாதரச உப்பு, பாஷாணம் மூன்றும் இருந்தன. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்ததில் வேலை செய்தது பாஷாணம்தான் என்று தெரிந்தது. அந்தக் கலப்புப் புரதத்தின் மறுபாதியைப் பிடித்து, செல்லே அதைச் சிதைத்துவிடும்படி செய்கிறது அது. (யாரும் நாட்டு மருந்துக் கடைக்குக் கிளம்ப வேண்டாம். மருத்துவமனையில் இதை அளந்து நரம்பில் ஏற்றும்போதே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், இ.சி.ஜி. பார்த்துக்கொண்டேதான் கொடுப்பார்கள்.) ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் சீனாவின் டூ யூயூ ஒரு பழைய மூலிகையிலிருந்து மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுத்தார்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஒரு படி மேலே போனது. விக்ரம் மேத்யூஸ் குழுவினர் 1998 முதல் 2004 வரை 72 ஏ.பி.எல். நோயாளிகளுக்குப் பாஷாண மருந்தை மட்டுமே மையமாக வைத்துச் சிகிச்சை தந்தார்கள். 86 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியது. அதன் பிறகு மருத்துவமனையில் தங்காமல், வந்துபோயே சிகிச்சையைத் தொடர முடிந்தது. கடும் கீமோதெரபிக்கு வழியில்லாத குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. 2013-ல் ஐரோப்பாவில் லோ கோகோ குழுவினர், அபாயம் குறைவான நோயாளிகளுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 97 சதவீதத்தினர் நோய் திரும்பாமல் இருந்தார்கள்.

இவ்வளவு நல்ல மருந்துகள் இருந்தும் இந்நோயில் சாவு நேர்வது பெரும்பாலும் முதல் சில வாரங்களில், ரத்தக் கசிவால். அதனால் மரபணுப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருப்பதில்லை. ஸ்லைடைப் பார்த்துச் சந்தேகம் வந்த அன்றே ட்ரெட்டினாயினைத் தொடங்கிவிட்டு, பிளேட்லெட்டும் பிளாஸ்மாவும் ஏற்றுகிறார்கள். என் கேள்வி பெரிய மருத்துவமனைகளைப் பற்றியதல்ல. பிளேட்லெட் இறங்கிய ஒருவரின் ஸ்லைடை மாவட்டத் தலைநகரில் அன்று இரவே பார்க்க ஆள் இருக்கிறாரா? ட்ரெட்டினாயின் வெறும் காப்ஸ்யூல்தான். அங்கே இருப்பு வைத்திருந்தால், முதல் வேளையை விழுங்கவைத்துவிட்டே நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றலாம்.