கேசத்திற்கு எண்ணெய்: பயனும் எல்லையும்

மயிர் உதிர்வதைத் தடுக்கும், வழுக்கையிலும் மயிரை முளைப்பிக்கும் என்ற விளம்பரத்துடன் மூலிகைத் தைலங்கள் பல விற்பனையாகின்றன. நம் அங்கத்தினர் தறியிலும் வயலிலும் உழைத்து ஈட்டும் பணம் இவற்றில் செலவாவதால், எண்ணெயின் பயன் எதுவரை என்பதை ஆராய்வோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. பதனிட்ட தோலுக்கு எண்ணெய் ஊட்டினால் அது மிருதுவாகும், வெடிக்காது. ஆயினும் அதற்கு உயிர் வருவதில்லை. நம் தலையில் காணும் மயிரும் உயிரற்ற புரதப் பொருளே. உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கும் வேர் மட்டுமே.

வெளியே உள்ள மயிரைக் காப்பதில் தேங்காயெண்ணெய் சிறந்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் மயிருக்குள் ஊடுருவவல்லது. தேங்காயெண்ணெய் விற்கும் மும்பைக் கம்பெனியொன்றின் ஆராய்ச்சியாளர்கள் 2003-ல் வெளியிட்ட சோதனையில், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் குறைக்காத புரத இழப்பைத் தேங்காயெண்ணெய் குறைத்தது. தலை முழுகுமுன் தடவினால் மயிர் முறிவது குறையும்.

வேரைத் தூண்டுவது வேறு விஷயம். நீலகிரியிலும் விளையும் ரோஸ்மேரிச் செடியின் எண்ணெயை ஈரானில் வழுக்கையுள்ளோருக்கு ஆறு மாதம் தடவிப் பார்த்தனர். 2015-ல் வெளியான அதன் முடிவில், 2 சதவீத மினாக்சிடில் மருந்துக்கு ஒப்பான பலன் தெரிந்தது. ஆனால் அது 100 பேரிடம் மட்டுமே நடந்த சிறு சோதனை. விளக்கெண்ணெய் மயிரை முளைப்பிக்கும் என்பதற்கோ தக்க சான்று இல்லை.

நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் உதிர்வது இயல்பே. பிரசவத்திற்கும் கடுங்காய்ச்சலுக்கும் பின் இரண்டு மூன்று மாதங்களில் மிகுதியாக உதிரும். பெரும்பாலும் சில மாதங்களில் தானே சீர்படும். அப்போது எந்தத் தைலம் தடவியிருந்தாலும் பெருமை அதற்கே போய்ச் சேருகிறது!

அஞ்ச வேண்டியது வேறொன்று. இரத்தசோகையாலும் தைராய்டுக் கோளாறாலும் மயிர் உதிரலாம். களைப்பு, மூச்சிரைப்பு, மாதவிடாயில் மிகு போக்கு ஆகியவற்றுடன் மயிரும் உதிர்ந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுதல் அவசியம். குழந்தையின் தலையில் செதிலுடன் திட்டுத்திட்டாக மயிர் கொட்டினால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு உள்மருந்து வேண்டும். சீப்பைப் பிறர் உபயோகிக்கலாகாது. இவற்றில் தைலத்தை நம்பிக் காலங்கடத்தினால் நோயே முற்றும்.

ஆகவே, மயிரைக் காக்க நம் தோப்புக் கொப்பரையைச் செக்கில் ஆட்டிய எண்ணெயே போதும். காரணத்தை அறிய வைத்தியரை நாடுக. தைலத்திற்கு ஒதுக்கிய பணத்தைக் கீரைக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் செலவிடுக.