சிறிய சங்கு, பெரிய தட்டி

தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயத் திருவிழா ஆண்டுதோறும் ஆகஸ்டு 5-ஆம் நாள் நிறைவுறும். அதற்கான அழைப்பிதழ் ஒன்றில் இரண்டு அங்குல அகலத்தில் ஒரு சங்குப் படம் இருப்பதாகக் கொள்வோம். அதையே பத்தடி அகலத் தட்டியில் அச்சிட்டால் விளிம்பு படிக்கட்டுப் போலாகிவிடுகிறது. ஏன்?

கணக்கிட்டுப் பாருங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் படத்தின் அகலத்தில் 600 புள்ளிகள். அவற்றைப் பத்தடிக்கு, அதாவது சுமார் 3,050 மில்லிமீட்டருக்குப் பரப்பினால், ஒவ்வொரு புள்ளியும் 5 மில்லிமீட்டர் சதுரமாகிவிடும். இல்லாத நுட்பத்தைக் கணிப்பொறி எங்கிருந்து கொண்டுவரும்?

இதற்குத் தீர்வுதான் திசையன் வரைகலை. இது புள்ளிகளைச் சேமிப்பதில்லை. கோடு செல்லும் வழியைச் சேமிக்கிறது. ஒரு தாளில் வில் போல நான்கு புள்ளிகள் வையுங்கள். வரிசையாக இணைத்தால் மூன்று கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் இரண்டு. அவ்விரண்டின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒன்று. அந்த ஒன்றின் நடுப்புள்ளி வளைவின் மேல் அமையும். பாதிக்குப் பதில் கால், முக்கால் என்று பிரித்துக்கொண்டே போனால் முழு வளைவும் கிடைக்கும். 1959-இல் சித்ரோயன் கார் நிறுவனத்தில் பால் த காஸ்தல்ஜோ கண்ட முறை இது. ரெனோ நிறுவனத்தின் பியர் பெசியே இவ்வளைவுகளைப் பரப்பியதால் பெயர் அவருக்குப் போயிற்று! சங்கை 60 மடங்கு பெரிதாக்க, அந்தப் புள்ளிகளின் ஆயத்தொலைவுகளை 60-ஆல் பெருக்கினால் போதும். விளிம்பு சிதையாது.

எழுத்துக்கும் இதே கதைதான். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சான காலத்தில், வேறு அளவு எழுத்து வேண்டுமானால் வேறு அச்செழுத்தே வார்க்க வேண்டும். இன்றைய எழுத்துருவில் 'ஞ'வின் சுழியும் பெசியே வளைவே. ஒரே வரைவு எல்லா அளவுக்கும் உதவும்.

கோரல்டிரா, இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருள்கள் இவ்வகையின. ஆனால் புள்ளிப்படத்தை அவற்றுக்குள் கொண்டுவந்து வைத்தால் மட்டும் அது திசையன் படமாகிவிடாது. அதன் விளிம்பின் மேல் வளைவுகளை வரைய வேண்டும். கடலலையின் ஒளிப்படத்துக்கு இம்முறை வேண்டாம். அதைப் புள்ளிகளாகவே, போதிய அடர்த்தியில் பக்கத்தில் வைப்பதே நலம்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது இன்னொரு சிக்கல். உங்கள் எழுத்துரு அங்குள்ள கணிப்பொறியில் இல்லாவிட்டால் எழுத்துகள் உருமாறும். பழைய குறியீட்டு எழுத்துருவானால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியலே வரும். அதனால்தான் எழுத்தை வளைவுகளாக மாற்றி அனுப்புகிறார்கள். மாற்றியபின் 'மாதா' என்பது கணிப்பொறிக்குச் சொல் அன்று, வெறும் கோடு. பிழையைத் தட்டச்சிட்டுத் திருத்த இயலாது. ஆகவே முதலில் மெய்ப்புப் பாருங்கள். மாற்றாத பிரதி ஒன்றைத் தனியே சேமியுங்கள். அதன் பிறகு மாற்றுங்கள்.